வண்டி நுழையாத மலைப்பாதை: மருமகளுக்கு ஒரு கடிதம்

பெட்டாலிங் ஜெயா

அன்புள்ள கயல்,

பின்னால் இரண்டு பை கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே பிரேசர் மலைக்குப் போகவேண்டும், வழியில் குவாலா குபு பாருவில் ஓர் இரவு தங்கி மறுநாள் ஏறவேண்டும் என்று எழுதியிருந்தாய். அம்மா மறுத்துவிட்டாள், மாமா சொன்னால் கேட்பாள் என்றும் எழுதியிருந்தாய். அக்காவிடம் பேசுகிறேன். ஆனால் அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கிள்ளானிலிருந்து புறப்பட்டால் வெகுதூரம் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில்தான் ஓட்டவேண்டும். அந்த நெரிசலில் மலையேறப் பழக முடியாது. ஏற்றம், இறக்கம், பாரத்தோடு திரும்புவது எல்லாவற்றையும் பின்னால் யாரும் ஹாரன் அடிக்காத சாலையில்தான் கற்கவேண்டும். அப்படிப்பட்ட சாலைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

முதலில் ஷா ஆலாமில் உள்ள தேசியத் தாவரவியல் பூங்காவுக்குப் போ. புக்கிட் செராக்கா காட்டில் அமைந்தது அது. 1986இல் மலேசிய விவசாயப் பூங்காவாகத் தொடங்கியது. புக்கிட் சாஹாயா என்ற பழைய பெயரைச் சொன்னால் உன் அம்மாவுக்கு உடனே தெரியும்; அவள் காலத்துப் பள்ளிச் சுற்றுலாவெல்லாம் அங்கேதான். 817 ஹெக்டேர் பரப்பு. பார்வையாளர்களின் கார் வாசலோடு நின்றுவிடும். உள்ளே நடக்கலாம், பூங்காவின் வண்டியில் போகலாம், சைக்கிள் மிதிக்கலாம். வாடகைச் சைக்கிளும் உண்டு. உன் சைக்கிளைக் கொண்டுபோவது நல்லது. நீ பழகவேண்டியது உன் கியரோடும் உன் பிரேக்கோடும். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு கிளம்பு.

அங்கே சாலை தட்டையாக ஓடாது. ஏரிக்கரையில் இறங்கும், மரக்கூட்டத்துக்குள் ஏறும், மறுபடி இறங்கும். பெரும்பாலோர் நான்கு பருவ வீடு என்ற குளிரூட்டிய கூடத்துக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டிப் போனால் காலை வேளையில் சாலை உனக்கே சொந்தம்.

ஏற்றத்தில் எல்லாரும் தடுமாறும் இடம் கியர். சரிவில் பாதி ஏறி, மூச்சு முட்டி, அப்புறம் கியரைக் குறைப்பார்கள். காலின் முழு அழுத்தமும் செயினில் இருக்கும்போது அது பல் மாறாது. கடகடவென்று சத்தம் போடும், சில நேரம் கழன்றே விடும். ஆகவே, மேடு கண்ணில் பட்டதும், கால் இன்னும் லேசாகச் சுற்றும்போதே கியரைக் குறைத்துவிடு. இருக்கையிலேயே உட்கார்ந்து, நிமிடத்துக்கு எழுபது சுற்று வருமாறு மிதி. எழுந்து நின்று மிதித்தால் சிறிது தூரம் வேகமாகப் போகலாம். ஆனால் பத்து கிலோமீட்டர் ஏற்றத்துக்கு அது உதவாது. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிந்தால் உன் வேகம் சரி. ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லையென்றால் வேகத்தைக் குறை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியுமே தவிர உலராது, உடம்பு குளிராது. அதனால்தான் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய பயிற்சிக் கணக்கை இங்கே அப்படியே பின்பற்றக்கூடாது. மணிக்கு அரை லிட்டராவது தண்ணீர் குடி. நீண்ட நேரம் ஓட்டினால் கொஞ்சம் உப்பும் சேர்த்துக்கொள்.

ஏற்றம் பழகிய பிறகு இறக்கம். உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான். பிரேக் பிடிக்கும்போது உடம்பின் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே உலர்ந்த தாரில் அதிகம் நிறுத்துவது முன்பிரேக். பயந்துகொண்டு பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கும், வண்டி நிற்காது. இரண்டையும் சேர்த்து, முன்னதைக் கொஞ்சம் கூடுதலாக, படிப்படியாகப் பிடி. உடம்பைப் பின்னால் தள்ளி உட்கார். ஆனால் சரளைக் கல், ஈர இலை, பாசி இவற்றின் மேல் முன்பிரேக்கை இறுக்கவே கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போ.

இதெல்லாம் கைக்கு வந்தபின் பையைக் கட்டு. ஒன்றரை லிட்டர் பாட்டில் நான்கில் தண்ணீர் நிரப்பி, பக்கத்துக்கு இரண்டாகப் பைகளின் அடியில் வை. ஆறு கிலோ. அதே மேட்டில் ஏறி அதே சரிவில் இறங்கிப் பார். நிறுத்த எவ்வளவு கூடுதல் தூரம் வேண்டியிருக்கிறது என்று தெரியும். பாரம் தாழ்வாகவும் இருபுறமும் சமமாகவும் இருந்தால் சைக்கிள் உன் சொல் கேட்கும்.

அடுத்தது கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம். பணியாளர்களும் பார்வையாளர்களும் கார் ஓட்டி வருவார்கள், ஆனால் மெதுவாக வருவார்கள். நீ அங்கே போகவேண்டிய காரணம் வேறு. ஈயம் தோண்டிப் பாழான நிலத்திலும் காய்கறித் தோட்டங்களிலும் 1920களில் மரம் நடத் தொடங்கினார்கள். இன்று அதைப் பார்ப்பவர் யாரும் மனிதர் நட்ட காடு என்று நம்பமாட்டார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கப்பூர் மரங்களின் அடியில் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார். ஒரு மரத்தின் உச்சி அடுத்ததைத் தொடாமல், நடுவில் வானம் கோடு கோடாகத் தெரியும்.

மூன்றாவதாக புக்கிட் கியாரா. இதைப் பற்றித்தான் உனக்கு நிறையச் சொல்லவேண்டும். பெட்டாலிங் ஜெயா (பி.ஜே.) எல்லையில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம். கார் நுழையாத தார்ச்சாலை ஒன்று மலையைச் சுற்றி ஏறுகிறது. அதிலிருந்து மண்பாதைகள் பிரிந்து மரங்களுக்குள் போகின்றன. அந்த மரங்களைக் கவனி. நிறைய இடங்களில் அவை ரப்பர் மரங்கள். அந்த மலை ஒரு காலத்தில் தோட்டம். நம்மவர்கள் விடியற்காலையில் பால் மரம் வெட்டிய தோட்டம்.

மலைச்சரிவில் ரப்பர் நட்டால், மழை மண்ணை அரித்துவிடாமல் இருக்க, சரிவைக் குறுக்காக வெட்டி மட்டமாக்குவார்கள். பால் மரம் வெட்டுகிறவர் வாளியோடு நடக்கும் வரிசையும் அதுவே. பால் ஏற்றிச் செல்லும் தோட்டச் சாலையும் செங்குத்தாக ஏறாது, மலையை அணைத்துச் சுற்றிச் சுற்றிப் போகும். இதே மாதிரி மலையைச் சுற்றிப் போகும் பாதை அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து அக்கேடியா தேசியப் பூங்காவிலும் இருக்கிறது. அங்கே ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 1913 முதல் 1940 வரை ஏறத்தாழ 45 மைலுக்குக் குதிரைவண்டிப் பாதை போட்டார். மோட்டார் வண்டிக்கு அதில் இடமில்லை. குதிரை இழுக்கும் சரிவு என்பதால் இன்றைக்கும் சைக்கிளுக்கு அது சுகமான ஏற்றம். அங்கே கோடீஸ்வரர் பணம் போட்டுச் செய்த காரியத்தை, இங்கே தினக்கூலிக்கு வந்தவர்கள் மண்வெட்டியால் செய்தார்கள். முன்னதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. நம் தோட்டத்து மண்ணில் மட்டம் வெட்டியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. நீ கியாரா மலையில் ஏறும்போது அவர்களை நினைத்துக்கொண்டு ஏறு. பெட்டாலிங் ஜெயாவே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்காம் ரப்பர் தோட்டத்தில் எழுந்த ஊர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

புக்கிட் கியாராத் தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்ட பின், தொழிலாளர் குடும்பங்கள் மலையடிவாரத்து நீள்வீடுகளில் குடியேற்றப்பட்டன. நிரந்தர வீடு வரும் என்று பல்லாண்டு காத்திருந்தார்கள். அந்த நீள்வீடுகளை ஒட்டியது 25 ஏக்கர் ரிம்பா கியாரா பூங்கா. அதில் ஏறத்தாழ பாதியை எடுத்து, பல மாடி ஆடம்பர அடுக்ககங்களும் அவற்றோடு அந்தக் குடும்பங்களுக்கான வீடுகளும் கட்டும் திட்டம் வந்தது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்த முடிவை உறுதிப்படுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். பூங்கா தப்பியது. ஆனால் தோட்டத்து மக்களின் வீட்டுக் கேள்வி அந்தத் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. பசுமையைக் காப்பதும் அவர்களுக்கு வீடு கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. இரண்டையும் ஒரே கட்டடத் திட்டத்தில் முடிச்சுப் போட்டதுதான் தவறு.

ஷா ஆலாம் பூங்கா இருக்கும் செராக்காக் காடோ அப்படித் தப்பவில்லை, குறைந்துகொண்டே வந்தது. 1909இல் ஒதுக்கப்பட்ட காடு அது. அதில் 400 ஹெக்டேருக்கு மேல் காட்டு நிலை நீக்கப்பட்டதாக 2022இல் வந்த அரசிதழ் அறிவிப்பு பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. கோத்தா டாமன்சாராவிலோ, அங்கிருந்த மக்கள் விடாமல் கேட்டதால் 2010இல் 300 ஹெக்டேருக்கு மேல் காட்டு ஒதுக்கமானது. காசிங் மலையும் நம் பி.ஜே. காடுதான், ஆனால் அது நடப்பவர்களுக்கானது. படிகளும் தொங்குபாலமும் உள்ள அந்தப் பாதைக்குச் சைக்கிளைக் கொண்டுபோகாதே.

கியாராவின் மண்பாதையில் சில ஒழுக்கங்கள் உண்டு. எதிரே நடப்பவருக்கு வழிவிடு. பின்னாலிருந்து வந்தால் மணியடித்து, மெதுவாகத் தாண்டு. பலத்த மழை பெய்த மறுநாள் போகாதே. ஊறிய மண்ணில் டயர் பதிந்தால் தடம் விழும், அடுத்த மழைத் தண்ணீர் அந்தத் தடத்திலேயே ஓடி வாய்க்காலாக்கிவிடும். வளைவைத் தவிர்த்துக் குறுக்கே ஏறிப் புதுத்தடம் போடுவதும் அதே கெடுதி. அங்குள்ள பாதைகளைப் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள்தான் மண்வெட்டியோடு வந்து செப்பனிடுகிறார்கள். சைக்கிளுக்கு எந்தப் பாதை, எது மூடியிருக்கிறது என்று பலகையைப் படித்துவிட்டு நுழை.

காலை ஏழு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடித்துவிடு. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை வரும். மலைமேல் மின்னலுக்கு மரம் பாதுகாப்பல்ல. புகைமூட்டம் வந்து காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்றைக்கு ஓட்டமே வேண்டாம். குரங்குகளுக்கு முன்னால் தின்பண்டப் பையைத் திறக்காதே. தனியாகப் போகாதே, எந்தப் பக்கம் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. அவளும் வரட்டும் என்பது என் ஆசை. ஷா ஆலாம் சாலையில் அவளாலும் ஓட்ட முடியும். நீ எப்படி இறங்குகிறாய் என்று தன் கண்ணால் பார்த்தால், பிரேசர் மலைப் பேச்சு எனக்குச் சுலபமாகிவிடும்.

புது டயருக்கும் விளக்குக்கும் பணம் கேட்டிருந்தாய். அனுப்புகிறேன். இந்த வாரமே கடைக்குப் போய், முதலில் பிரேக் கட்டையையும் கம்பியையும் மாற்றச் சொல்.

அன்புடன்,
மாமா