ஒரே மையில் நம் சின்னம்: வண்ணப் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றுவோம்



துணிப்பை தைக்கிற குழுவோ, மசாலாப் பொடி அரைக்கிற குழுவோ, நாம் விற்கும் பொருள் மேலே நம் குழுவின் பெயரும் சின்னமும் இருக்கணும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால் ஒரே நிறத்தில் அச்சடிப்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகும். ஆனால் வண்ணப் படத்தைச் சரிபார்க்காமல் கருப்பு வெள்ளையாக மாற்றினால் சின்னம் திட்டுத்திட்டாக வரும். அச்சான பையை மறுபடி வெள்ளையாக்க முடியாது.

ஏன் இப்படி ஆகிறது?

கணினியில் படம் என்பது சிறுசிறு புள்ளிகள் சேர்ந்தது. வண்ணப் படத்தில் ஒரு புள்ளி சுமார் ஒரு கோடியே 67 லட்சம் நிறங்களில் எதுவாகவும் இருக்கலாம். 'மோனோக்ரோம் பிட்மேப்' படத்தில் கருப்பு, வெள்ளை இரண்டே இரண்டுதான். வாசல் கோலம் மாதிரி: மாவு விழுந்த இடம், விழாத இடம், அவ்வளவுதான். ஸ்கிரீனிலும் மை இறங்கும் இடம், இறங்காத இடம் என்று இரண்டுதான் உண்டு.

ஆகவே வெளிர் நிறமெல்லாம் வெள்ளையாகும். அடர் நிறமெல்லாம் கருப்பாகும். இளமஞ்சள் பூ காணாமல் போகும். கரும்பச்சை இலை மேல் அரக்குச் சிவப்பில் பெயர் எழுதியிருந்தால், இரண்டும் கருப்பாகி பெயரே தெரியாது.

எப்படிச் செய்வது?

1. முதலில் வண்ணப் படத்துக்கு ஒரு நகல் எடுத்து வையுங்க. மாற்றிய படத்தில் நிறம் திரும்ப வராது.

2. நகலில், இலை மேல் உள்ள எழுத்தை வெள்ளையாக்குங்க. மஞ்சள் பூவுக்குக் கருப்புக் கோடு போடுங்க. மெல்லிய கோட்டைத் தடிமனாக்குங்க.

3. அச்சாகும் அளவிலேயே படம் இருக்கட்டும். ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், 4 அங்குலச் சின்னத்துக்கு 1200 புள்ளி. சிறிய படத்தைப் பிறகு பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும்.

4. 'பெயின்ட்' மென்பொருளில் 'சேவ் ஆஸ்' போய், வகையில் 'மோனோக்ரோம் பிட்மேப்' தேர்ந்தெடுத்து, புதுப் பெயரில் சேமியுங்க. 'ஜேபெக்' வேண்டாம், எழுத்து ஓரத்தில் அழுக்குப் போல் சாம்பல் நிறம் சேரும்.

5. எது கருப்பு, எது வெள்ளை என்ற எல்லையை நாமே கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால், இலவசமாகக் கிடைக்கும் 'ஜிம்ப்' மென்பொருளில் 'திரெஷோல்ட்' வசதி உண்டு.

இன்னொரு லாபமும் உண்டு. 800க்கு 600 புள்ளி உள்ள படம் வண்ண பிட்மேப்பில் 14 லட்சத்து 40 ஆயிரம் பைட் இடம் பிடிக்கும். கருப்பு வெள்ளையில் சுமார் 60 ஆயிரம் பைட் போதும். 24இல் ஒரு பங்குதான்!

கவனம் தேவை

உணவுப் பாக்கெட்டில் சைவக் குறி பச்சை நிறத்தில்தான் இருக்க வேண்டும். அதைக் கருப்பாக்கிவிடாதீங்க, அதற்குப் பச்சை மை தனியாக வேண்டும். எடை, தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் தெளிவாகத் தெரிகிறதா என்று தாளில் எடுத்துப் பாருங்க.

கணினி வேலையைப் படித்த பிள்ளைகள் செய்யலாம். எது கருப்பு, எது வெள்ளை என்று முடிவு செய்வது நாமாக இருக்கணும். மாற்றிய படத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் சுற்றுக்கு விடுங்க. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பெயர் தெரிந்தால் மட்டும் அச்சுக்குக் கொடுங்க!