மேசைமேல் ஒரு விமானம்

சுபாங் ஜெயாவுக்கு அருகிலுள்ள சுபாங் விமான நிலையம் 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1998இல் சிப்பாங்கில் புதிய அனைத்துலக விமான நிலையம் இயங்கத் தொடங்கும்வரை நாட்டின் முதன்மை விமான நிலையமாக அதுவே விளங்கியது. அக்காலத்தில் அங்கிருந்து பறந்த விமானங்களுள் ஒன்று போயிங் 737-200. அதை இன்று நம் வீட்டு மேசைமேல் உருவாக்கலாம். இதுவே உருமாதிரி விமானக் கலையாகும்.

1:144 என்னும் அளவில் விமானத்தின் ஒவ்வொரு நீளமும் 144இல் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே, 28 மீட்டருக்குச் சற்று அதிகமான இறக்கை நீளம் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில், நெகிழிப் பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து ஒட்ட வேண்டும். இணைப்புகளில் உள்ள இடைவெளிகளை நிரப்பிய பிறகே வண்ணம் பூச வேண்டும். வண்ணம் பிழையை மறைக்காது. மேலும் தெளிவாகக் காட்டும். தடிமனாகப் பூசினால் நுண்ணிய கோடுகள் மறைந்துவிடும். ஆகவே, மெல்லிய பூச்சு ஒன்று காய்ந்த பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். அறையில் காற்றோட்டமும் தேவை.

ஆர்வலர்கள் பலர் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, இணையவழி நண்பர்களிடம் கருத்துக் கேட்கின்றனர். நாம் கவனிக்கத் தவறிய சாய்ந்த வால்பகுதி பிறர் கண்ணில் பட்டுவிடும். பசை இறுகுவதற்குள் தெரிந்தால் அதை நேராக்கிவிடலாம். இறுகிய பின் தெரிந்தால் உடைக்கத்தான் வேண்டும்.

முடித்த வேலையைக் காட்டினால் பாராட்டுக் கிடைக்கலாம். பாதி வேலையைக் காட்டத் துணிந்தால், திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்கும்.