நகரக் கம்போஸ்டு வாங்குமுன்

நகரங்களில் வீடுதோறும் குப்பை சேகரிக்கும்போதே காய்கறிக் கழிவு, மீந்த சோறு, இலை முதலியவற்றை மக்கும் குப்பையென்றும், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரத்தை மக்காத குப்பையென்றும் பிரித்து வாங்கவேண்டும். மக்காதது மறுசுழற்சிக்குப் போகும். மக்குவது கம்போஸ்டாகி நம் வயலுக்கு வரும்.

பிரிக்காத குப்பையில் பழைய பேட்டரி போன்றவை கலந்தால் ஈயம், காட்மியம் உரத்தில் சேரும். மண்ணில் சேர்ந்தபின் இவற்றை அகற்றுவது கடினம். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நகரக் கம்போஸ்டில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது.

ஆகவே விவசாயிகள் ஆய்வறிக்கையைக் கேட்டுப் பார்த்து வாங்கவேண்டும். உரத்தைச் சாக்கில் பரப்பிப் பாருங்கள். மண் வாசனை வந்தால் நன்று. சூடோ, நாற்றமோ இருந்தால் சரியாக மக்கவில்லை. அதை இட்டால் தழைச்சத்துக் குறைந்து பயிர் மஞ்சளாகும். கண்ணாடித் துண்டு தென்பட்டால் வாங்கவே வேண்டாம். நடவு செய்வோர் வெறுங்காலுடன் வயலில் இறங்குகிறார்கள்.