அம்மாச்சி வீட்டுச் சுவரும் என் சிமெண்ட் ஐடியாவும்

அதிராம்பட்டினத்துல எங்க அம்மாச்சி வீட்டுச் சுவர் அடிப்பக்கம் உதிருதுன்னு சொன்னப்போ, "சிமெண்ட் பூசிடுங்க, முடிஞ்சுது"ன்னு சொன்னது செகண்ட் இயர் சிவில் படிச்சிட்டிருந்த நான்தான். ரெண்டே வருஷம். பூச்சு பாளம் பாளமா விழுந்துச்சு. உள்ளே இருந்த செங்கல் விரல் பட்டாலே மாவா கொட்டுது. உங்க தாத்தா வீட்டுலயும் இதே யோசனையைச் சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

டெல்டா முழுக்க வண்டல், கல் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனால இங்கே பழைய காரை வீடுன்னா மெல்லிசான செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும்தான். டேப் வச்சு அளந்தேன்: சுவர் 45 செ.மீ. கனம். இப்போ நாம போடற வெளிச்சுவர் 23.

அதிராம்பட்டினம் உப்பளம் இருக்கிற ஊர். மண் ஈரத்துலயே உப்பு உண்டு. பழைய அஸ்திவாரத்துல டிபிசி கிடையாது. விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி செங்கல் அந்த ஈரத்தை மேலே இழுக்கும். கொத்தனார் 'ஓதம்'னு சொல்றது இதைத்தான். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம். ஈரம் அது வழியா வெளியேறும், உப்பு பூச்சிலேயே பூக்கும், உதிர்றதும் பூச்சுதான். அதை மட்டும் மாத்தினா சுவர் பிழைச்சிடும். சிமெண்ட் பூசினா அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் உயரமா ஏறும். உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி, உள்ளிருந்து தள்ளி உடைக்கும். 'ஸ்ட்ராங்கா இருந்தா நல்லது'ன்னு லேப்ல கியூப் உடைச்சுப் பழகின மூளைக்கு இது ஏறவே இல்லை.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் சிக்கிமுக்கிக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதிச்சு, மூலைகளுக்குச் செங்கல் வச்சுக் கட்டின பழைய கிராம வீடுகள் இருக்கு. அங்கேயும் சிமெண்ட்ல ரிப்பேர் பண்ணி இதே மாதிரிதான் மாட்டிக்கிட்டாங்க.

உப்பு பூத்திருந்தா தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ளேயே போயிடும். காய்ஞ்ச பிரஷ்ஷால் தட்டி எடுங்க. சுவரோரம் மழைத்தண்ணி தேங்காம பாருங்க. பிளாஸ்டிக் எமல்ஷனும் வேண்டாம். அதுவும் துளையை அடைக்கும். வெள்ளையடிச்சா போதும்.

இப்போ இடுப்பு உயரம் வரை சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தாச்சு. கொத்தனார் சுண்ணாம்பு ஊற வச்சிருக்கார். அம்மாச்சி, "இந்தத் தடவை யாரு சொன்னது, நீயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.