செதுக்கிய உருவமும் சமயப் பகையும்

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, கோட்டக்குப்பத்தில் உறவினர் இல்லமொன்றில் நாம் கூடியிருந்தபொழுது, பள்ளிச் சிறுமி ஒருத்தி நூலொன்றைக் கொணர்ந்தாள். சமண முனிவர்கள் கழுவேற்றப்படும் காட்சி அதில் இருந்தது. “இவர்கள் நம் முனிவர்களா? அவ்வளவு தீயவர்களா?” என வினவினாள். அவ்வினாவிற்கு விடையாகவே இப்பாடம் அமைகின்றது.

முதலில் அயல்நாட்டுச் சான்றொன்றைக் காண்போம். செருமனியில் கிறித்தவ சமயச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதரை, 1521ஆம் ஆண்டின் மரச்செதுக்குப் படமொன்று ஒளிவட்டத்துடனும் தலைமேல் புறாவுடனும் காட்டிற்று. 1529இல் எதிர்த்தரப்பினர் வெளியிட்ட நூலின் முகப்புப் படமோ அவரை ஏழு தலைகளுடன் காட்டிற்று. மனிதர் ஒருவரே, இடைப்பட்டவை எட்டே ஆண்டுகள். அப்படங்கள் உரைப்பது செதுக்குவித்தோரின் உள்ளத்தையே.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். கோட்டக்குப்பத்திலிருந்து தெற்கே புதுவையைக் கடந்து சென்றால் கடலூரின் திருப்பாதிரிப்புலியூரை அடையலாம். பாடலிபுத்திரம் எனப்பட்ட அவ்வூர்ச் சமணப் பள்ளியில் தருமசேனராய் விளங்கி, பின் சைவம் சார்ந்தவர் திருநாவுக்கரசர் என்பது பெரியபுராண வரலாறு. சைவக் கோயில் சிற்பங்களில் அவர் உழவாரப்படை ஏந்திய பணிவின் வடிவம். அவ்வரலாற்றில் நம் முனிவர்களோ அவருக்குத் துன்பம் இழைத்தோர். அவர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. சேக்கிழார் நூலும், அடியார் வரலாறுகளைச் சிறு சிற்பங்களாகக் கொண்ட தாராசுரம் கோயிலும் 12ஆம் நூற்றாண்டின. இடையே ஐந்து நூற்றாண்டுகள் உள்ளதை மறத்தலாகாது.

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் கதையும் 7ஆம் நூற்றாண்டிற்கு உரியதாகவே சொல்லப்படுகின்றது. ஆயின், அதே பாண்டி நாட்டுக் கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டன. செய்வித்தோர் பெயர்களை வட்டெழுத்துக் கல்வெட்டுகள் தாங்கி நிற்கின்றன. சமணம் அங்குப் பூண்டோடு அழிந்திருப்பின் இவ்வுருவங்களைச் செய்வித்தோர் யாவர்? அம்மலையில் நம் பெரியோர் பகைவராய் அல்லர், தியானத்தில் அமைந்தோராய்க் காட்சியளிக்கின்றனர்.

இதனால் பிற சமயத்தாரை வெறுத்தல் தகாது. நம் நீலகேசியும் பௌத்தரை வாதில் தோற்றோராகவே காட்டுகின்றது. ஆதலின் எந்த உருவத்தைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புவோம்: செய்வித்தவர் யார்? எக்காலத்தில்? எவர் காண்பதற்கு? ஒரு பொருளைப் பல நோக்கில் ஆராய்வதே அநேகாந்தம் கற்பித்த நெறி.

அச்சிறுமிக்கு நாம் கூறிய விடை இதுவே: “குழந்தாய், இவர்கள் நம் முனிவர்களே. ஆயின் இது அவர்களுடன் மாறுபட்டோர் கண்ட தோற்றம். கழுகுமலைக்கும் ஒருமுறை சென்று காண். பின்னர் முடிவு செய்.”