கழுத்துவலிக்கு ஸ்கேன் முதலா, கடைசியா?

வேலூர் இடா ஸ்கடர் சாலையில் காலை ஒன்பது மணிக்கு நின்றால், பெரிய ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பவர்களுக்குக் குறைவிருக்காது. ஒரு காலத்தில் அந்தக் கவர் ஐம்பதைத் தாண்டியவர்களின் சொத்து. இப்போது ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் இருபத்துச் சொச்ச வயதுப் பெண்களின் கையிலும் அது இருக்கிறது. பலர் டாக்டரைப் பார்க்கும் முன்பே எடுத்துவிட்டார்கள். பக்கத்து மெஷின்காரி எடுத்தாள், அண்ணன் எடுக்கச் சொன்னான், மாமியார் வீட்டில் 'என்னன்னு ஒரு தடவை பார்த்துடலாம்' என்றார்கள். காரணங்கள் இவ்வளவுதான்.

கழுத்து வலிப்பது ஆச்சரியமில்லை. நிமிர்ந்திருக்கும்போது தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. அறுபது பாகை குனிந்தால் கழுத்தெலும்புகள்மேல் இறங்கும் சுமை 27 கிலோவுக்குச் சமம் என்று 2014இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டுச் சொன்னார். கணினியில் போட்ட கணக்குதான், ஆள் கழுத்தில் அளந்தது இல்லை. ஆனாலும் முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில் எட்டு மணி நேரம் ஊசி முனையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குடியாத்தம் பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களும், ராணிப்பேட்டை பெல் ஆலையில் தலையைச் சட்டென்று வெட்டி ஹெல்மெட்டை இறக்கும் வெல்டர்களும் இதே வரிசைதான். கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போதாவது கழுத்துக்கு ஓய்வு உண்டா? அப்போது போன்.

எந்த வழியில் போவது என்று கேட்பதற்கு முன், எந்த வலி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கழுத்திலும் தோள்பட்டையிலும் மட்டும் நிற்கும் வலி ஒரு வகை. பெரும்பாலும் தசையும் மூட்டும் செய்யும் வேலை அது. தோளிலிருந்து கைக்கு மின்சாரம்போல் இறங்குவது இரண்டாம் வகை: ஜவ்வு நரம்பின் வேரைத் தொடுகிறது. கழுத்தெலும்பு ஏழில் கீழே இருக்கும் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலும், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவிலும் உள்ள ஜவ்வுகள்தான் அதிகம் அடிபடுபவை. கட்டைவிரல் மரத்தால் ஆறாம் நரம்பு, நடுவிரல் என்றால் ஏழு, சுண்டுவிரல் என்றால் எட்டு என்று டாக்டர் விரலைத் தொட்டே ஓரளவு சொல்லிவிடுவார். மூன்றாவது வகையில் தண்டுவடமே நசுங்குகிறது. பாபினில் நூல் கோக்க வராது, ரவிக்கை ஊக்கு மாட்ட வராது, காலிலிருந்து செருப்பு நழுவியதே தெரியாது, நடை தள்ளாடும், சிறுநீர் அடக்க முடியாது. இதில் வலி மிகக் குறைவாகவே இருக்கலாம் என்பதுதான் ஆபத்து.

முதல் இரண்டு வகைக்கும் உள்ள வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டு நாள் வேலையைக் குறைத்து, டாக்டர் சொன்ன வலி மாத்திரையை அளவோடு போடுவது நியாயம். நரம்புவலி மாத்திரைகளில் பல தூக்கம் வரவைப்பவை. மெஷினில் உட்கார்பவர் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழுத்துப் பட்டை, புதிதாகக் கைக்கு இறங்கிய வலியில், சில வாரங்களுக்கு உதவும். 2009இல் நெதர்லாந்தில் 205 பேரை வைத்துச் செய்த ஆய்வில் பட்டையும் ஓய்வும் ஒரு பிரிவுக்கு, பிசியோதெரபி ஒரு பிரிவுக்கு, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் இல்லை. முதல் ஆறு வாரத்தில் முன்னிரண்டு பிரிவுக்கும் வலி வேகமாகக் குறைந்தது. மாதக்கணக்கில் பட்டையோடு திரிவது வேறு கதை, கழுத்துத் தசை சோம்பேறியாகிவிடும். கழுத்தை இழுத்துவிடும் இழுவைச் சிகிச்சை (டிராக்‌ஷன்) சிலருக்குச் சுகம் தரும், எல்லோருக்கும் அல்ல.

ஸ்கேன் விஷயத்துக்கு வருவோம். மேல்விஷாரத்தில் தையல் வேலை பார்க்கும் 24 வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளலாம். பத்து நாளாகக் கழுத்துவலி. கையில் மரப்பு இல்லை, பிடி தளரவில்லை. எம்ஆர்ஐ எடுக்கிறாள். அறிக்கையில் சி5-சி6 டிஸ்க் பல்ஜ், தீகல் சாக்கை (தண்டுவட உறையை) அழுத்துகிறது என்று வருகிறது. வீட்டில் அன்றிரவே அவள் நோயாளி. குடம் தூக்காதே, தலையணை வைக்காதே, வேலையை விடு. ஜவ்வு விலகிவிட்டதாம் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வரன் பார்க்கும் வீடு என்றால் அந்தக் கவரை அலமாரியில் துணிக்கடியில் ஒளித்து வைப்பார்கள்.

அந்த அறிக்கை சொன்னது என்ன? ஜப்பானில் கழுத்துவலி முதலான தொந்தரவு எதுவும் இல்லாத 1,211 பேரை, இருபதுகளிலிருந்து எழுபதுகள் வரை, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு: 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருப்பவர்களிலேயே நான்கில் மூன்று பங்குக்கு. வலியே இல்லாதவர்கள் இவர்கள்! அப்படியானால் 24 வயதுப் பெண்ணின் பிதுக்கம் அவள் வலிக்குக் காரணம் என்று படத்தை மட்டும் வைத்து யாரால் அடித்துச் சொல்ல முடியும்? நரை தெரிகிறது என்பதற்காகத் தலைவலிக்கு நரையைக் காரணம் சொல்வதுபோல்தான் இது.

படம் பொய் சொல்வதில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. எந்த நரம்பு, எந்தப் பக்கம், எவ்வளவு பலவீனம் என்று கையைச் சோதித்து முடித்த டாக்டருக்கு அது அருமையான கருவி. சோதிக்காமல் எடுத்தால் அச்சம்தான் மிஞ்சும், அச்சத்தைத் தொடர்ந்து செலவு வரும். வலிக்கு அஞ்சிக் கழுத்தை அசைக்காமலே வைத்திருப்பவருக்கு வலி நீளும். ஒரு ஸ்கேன் பிடிக்கவில்லை என்று ஆறு மாதத்தில் இன்னொன்று எடுப்பவர்களும் உண்டு. பிதுங்கி உடைந்த ஜவ்வில் ஒரு பகுதியை உடலே மெல்லக் கரைத்துவிடுவது பலருக்கு நடக்கிறது; படத்தில் பயமுறுத்தியது ஆண்டு முடிவில் சுருங்கிப் போயிருக்கலாம்.

ஸ்கேனை உடனே எடுக்க வேண்டிய நேரங்களும் உண்டு. மேலே சொன்ன செருப்பு, ஊக்கு, நடை அறிகுறிகள். நாளுக்கு நாள் பிடி தளர்வது. விபத்தில் அடிபட்டது. புற்றுநோய் வந்து போனவருக்குப் புதிதாக வந்த வலி. மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த கழுத்துவலி, ஏனென்றால் முதுகெலும்புக் காசநோய் நம் ஊரைவிட்டுப் போகவில்லை. இவற்றில் ஒரு நாளும் தள்ளக்கூடாது. இடது கைவலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் அது கழுத்தே இல்லை. நேரே இசிஜிக்கு ஓட வேண்டும்.

இன்னொரு மோகம் கழுத்தைச் சடக்கென்று முறிப்பது. இன்ஸ்டாகிராமில் அந்தச் சத்தத்துக்கே லட்சம் பார்வை. பெங்களூருவில் முடிவெட்டப் போன பெல்லாரியைச் சேர்ந்த 30 வயதுத் தொழிலாளி ஒருவருக்குச் சலூனில் இலவச மசாஜ் செய்து கழுத்தைத் திருகியதில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த செய்தி 2024இல் வந்தது. சுளுக்கு எடுப்பவர், புத்தூர்க் கட்டுப் போடுபவர், யாராக இருந்தாலும் கழுத்தைத் திருக மட்டும் விடாமலிருப்பது நல்லது.

அறுவை சிகிச்சையைப் பற்றி இரண்டு பக்கமும் மிகை இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் வழியாக ஜவ்வை எடுத்துவிட்டு எலும்புகளை ஒட்டவைக்கும் முறை 1950களிலிருந்தே இருக்கிறது. கைதேர்ந்தவர் செய்தால் பயப்படும் அளவுக்கு இல்லை. தண்டுவடம் நசுங்கினாலோ, பலவீனம் ஏறினாலோ, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் சரியாக முயன்றும் கைவலி விடாவிட்டாலோ அதற்கு மாற்று தேடி அலைவது வீண். மற்றவர்களுக்கு? 1997இல் வெளியான சுவீடன் ஆய்வில் 81 பேரை அறுவை, பிசியோதெரபி, பட்டை என்று பிரித்தார்கள். நான்காம் மாதத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி குறைவு. ஆண்டு முடிவில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 1976 முதல் 1990 வரையிலான 561 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது: நான்கில் ஒருவருக்குத்தான் கத்தி தேவைப்பட்டது, கடைசியாகப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு வலியில்லை அல்லது லேசாக இருந்தது. அதை நடத்திய குருபத் ராதாகிருஷ்ணன் பின்னாளில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கு இயக்குநரானவர்.

இதை எழுதுபவருக்குப் பிசியோதெரபி பக்கம் சாய்வு உண்டு. மரத்த விரலோடு போய்ப் பயிற்சியில் மீண்டவர் என்பதால், வாசகர் அதைக் கழித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் இந்த வட்டாரத்துக்கே அந்தச் சாய்வு இருந்திருக்க வேண்டும். நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூர் சிஎம்சியில். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மேரி வர்கீஸ் தலைமையில் மறுவாழ்வு நிலையம் 1966இல் வந்ததும் வேலூரில், பாகாயத்தில். கத்தியும் பயிற்சியும் ஒரே ஊரில் வளர்ந்தவை. மக்கள் ஒன்றை மட்டுமே பெரிய வைத்தியம் என்று நினைக்கிறார்கள்.

பயிற்சியில் சினிமாத்தனம் எதுவும் இல்லை. நேராக உட்கார்ந்து தாடையை உள்ளே இழுத்து ஐந்து நொடி நிறுத்துவது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது, நெற்றியில் உள்ளங்கையை வைத்து அசையாமல் அழுத்துவது. செய்யும்போது கைவலி கழுத்தை நோக்கிச் சுருங்கினால் நல்ல அறிகுறி. விரலை நோக்கி இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், மூன்றாம் வாரம் பலர் விட்டுவிடுவார்கள். தையல் பழகியவர்களுக்குப் பொறுமை புதிதல்ல: முதல் மாதம் நூல் அறுந்து அறுந்துதான் கை வந்திருக்கும். சிலருக்கு நடை ஒத்துவரும், சிலருக்கு யோகா. அக்காவுக்குச் சரியானது தங்கைக்கும் சரியாக வேண்டும் என்பதில்லை.

வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வாசலுக்கே வருகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம் இஎஸ்ஐக்குப் போகிறது. அந்தப் பணத்துக்கு மாத்திரை மட்டுமல்ல, போதிய நாள் சந்தா கட்டியிருந்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீத நோய்க்கால உதவியும் உண்டு. ஸ்கேனுக்குக் கடன் வாங்கும் பலர் அதைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை. இஎஸ்ஐ டாக்டரிடம் போகும்போது வேலை எப்படிப்பட்டது, ஸ்டூல் எவ்வளவு உயரம், மணிக்கு எத்தனை ஜோடி டார்கெட் என்று சொல்லிவிட்டு, 'ஆறு வாரம் தையல் வேண்டாம், பேக்கிங் பார்க்கலாம்' என்று ஒரு வரி எழுதி வாங்கினால், சூப்பர்வைசரிடம் பேசுவதற்குக் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.