கைத்தொழிற் பாடம்: மூங்கிற் காற்றுமணி

மூங்கிலைத் தட்டி ஒலி எழுப்புவது தமிழருக்குப் புதிதன்று. தினைப்புனத்தில் கிளி கடிந்த மகளிர் கையாண்ட தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே குறித்துள்ளார். அவற்றுள் தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து செய்யப்பட்டது. கடல் கடந்த இந்தோனேசியாவிலோ, மூங்கிற் குழல்களாலான அங்குலுங் என்னும் இசைக்கருவி இன்றும் வழங்குகின்றது. 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவற்றின் எளிய உறவினமாகிய காற்றுமணியைச் செய்யும் முறையை இப்பாடத்தில் காண்போம். வாள், துளைக்கருவி, அளவுகோல் ஆகிய மூன்றும் இருப்பின், முதன்முதலாகக் கைத்தொழில் பயில்வோரும் இதனைச் செய்யலாம்.

மூங்கிலைத் தேர்தல்

மூன்றாண்டு நிரம்பிய மூங்கிலே ஏற்றது. தட்டினால் கெட்டியான ஓசை தரும். தோலின் பசுமை மங்கியிருக்கும். குருத்து எழும் மழை மாதங்களில் வெட்டலாகாது; தை, மாசி மாதங்கள் நலம். 2017-ஆம் ஆண்டில் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டதால், காட்டிற்கு வெளியே வளரும் மூங்கில் அச்சட்டத்தின்படி மரமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே, வரப்போரத்தில் மூங்கில் வைத்துள்ள உறுப்பினருக்கு இது ஒரு வாய்ப்பாகும். காட்டு மூங்கிலுக்கோ வனத்துறையின் அனுமதி இன்றியமையாதது.

பதப்படுத்தல்

இத்தொழிலில் நட்டம் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் நேர்கின்றது. மூங்கிலினுள் உள்ள மாவுச்சத்தை நாடித் துளைவண்டு வருகின்றது. பதப்படுத்தாத பொருள் விற்றபின் சில மாதங்களில் மாவாக உதிரும். பச்சையாக அறுத்தது வெயிலில் வெடிக்கும். வாங்கியவர் பொருளை மட்டுமன்றிச் சங்கத்தின் பெயரையும் பழிப்பார். ஒருவர் காட்டிய அவசரத்திற்கு உறுப்பினர் அனைவரும் விலை கொடுக்க நேரும்.

ஆதலின், வெட்டிய மூங்கிலை மூன்று வாரம் நீரில் அமிழ்த்தி வைக்கவேண்டும். தேங்கிய நீராயின் வாரந்தோறும் மாற்றுக. பின்னர்த் துண்டுகளாக அறுத்து, 10 லிட்டர் நீரில் 300 கிராம் வெண்காரமும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்த கரைசலில் சில நாள் ஊறவிடுக. கையுறை அணிக, குழந்தைகளும் கால்நடைகளும் அக்கரைசலை அணுகாதவாறு காக்க. அதன்பின் நிழலில் பல வாரம் உலர்த்துக. வெயிலில் காயவைத்தல் கூடாது.

அளவும் ஒலியும்

சுமார் 3 சென்டிமீட்டர் குறுக்களவும் சீரான தடிப்பும் உள்ள, இடையில் கணு இல்லாத ஐந்து குழல்கள் தேவை. குழல் குறுகினால் ஒலி உயரும். நீளத்தைப் பாதியாக்கினால் ஒலியின் அதிர்வு ஏறத்தாழ நான்கு மடங்காகும். இவ்விதியைக் கொண்டு, மோகன இராகத்தின் ஐந்து சுரங்களுக்கு நாம் கணித்த அளவுகள் வருமாறு:

சட்சம்: நீளம் 30 செ.மீ.; துளை 6.7 செ.மீ.
ரிஷபம்: நீளம் 28.3 செ.மீ.; துளை 6.3 செ.மீ.
காந்தாரம்: நீளம் 26.8 செ.மீ.; துளை 6.0 செ.மீ.
பஞ்சமம்: நீளம் 24.5 செ.மீ.; துளை 5.5 செ.மீ.
தைவதம்: நீளம் 23.2 செ.மீ.; துளை 5.2 செ.மீ.

துளையின் அளவு, குழலின் மேல்முனையிலிருந்து கணக்கிடப்பட்டது. அது நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 22 பங்காகும். அடிபட்ட குழல் அதிரும்போது அவ்விடம் அசையாது நிற்கும். ஆதலால் அங்கே கட்டினால் ஒலி தடைப்படாது. நுனியில் கட்டினாலோ ஓசை மழுங்கிவிடும்.

மூங்கிலுக்கு மூங்கில் தடிப்பு வேறுபடும். குழலினுள் உள்ள காற்றும் அதிரும். ஆகையால் கணக்கு மட்டும் போதாது. குழலைச் சற்று நீளமாகவே அறுத்து, நன்கு உலர்ந்தபின் தட்டிக் கேட்டுச் சிறிது சிறிதாகக் குறைத்து, அதன்பின் துளையிடுக. முடிவு கூறவேண்டியது செவியே.

கோத்தல்

துளையை 3 மில்லிமீட்டர் அளவில், இருபுறச் சுவரிலும் ஊடுருவுமாறு துளைக்கருவியால் இடுக. ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும். 12 செ.மீ. குறுக்களவுள்ள மரவட்டில், நடுவிலிருந்து 4.5 செ.மீ. தள்ளிச் சம இடைவெளியில் ஐந்து துளைகளும், நடுவில் ஒன்றும் இடுக. குழல்களின் நடுப்பகுதிகள் யாவும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு கயிறுகளின் நீளத்தை அமைக்க. அம்மட்டத்தில், 4 செ.மீ. அகலமுள்ள சிரட்டை வில்லையை நடுக்கயிற்றில் தொங்கவிடுக. அதுவே குழல்களைத் தட்டும் நாக்கு. முடிச்சின் இலக்கணம் நெசவாளருக்கு நாம் கூறவேண்டியதில்லை. எனினும், பருத்தி நூல் மழையில் இற்றுப்போகும். நைலான் நரம்பே தக்கது.

நடுக்கயிற்றின் அடியில், காற்றை ஏற்க ஒரு மெல்லிய தகடு வேண்டும். கம்மாபுரம் வட்டார உறுப்பினர் இதற்குத் தொலைவில் தேடவேண்டியதில்லை. பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் அருகிலேயே உள்ளது. மெல்லிய பீங்கான் வில்லையைச் சுடுவதற்கு முன்பே துளையிடச் செய்க. சூளையில் மண் சுருங்குமாதலால் துளை சற்றுப் பெரிதாக இருக்கட்டும். இவ்வாறு உழவர் மூங்கிலும் குயவர் மண்ணும் நெசவாளர் முடிச்சும் ஒரு பொருளில் கூடுகின்றன.

இறுதியாக, குழல்களுக்கு வார்னிஷ் பூசித் தாழ்வாரத்தில் தொங்கவிடுக. மூங்கிலின் ஒலி வெண்கலம் போல நீண்டு நில்லாது. தோன்றி உடனே மறையும் மென்மையான ஓசை அது.

விலையைப் பற்றி ஒரு சொல். மூங்கில் தோட்டத்தில் கிடைத்தது, வேலை ஓய்வு நேரத்தில் நடந்தது என்று எண்ணி, அவ்விரண்டையும் கணக்கில் சேர்க்காது விற்போர் பலர். அது இலாபமன்று, தம் உழைப்பை இலவசமாக அளித்தலே. செலவிட்ட மணிகளைக் குறித்து வைத்து, கூலி, பொருட்செலவு, கழிவு மூன்றையும் கூட்டியே விலை நிர்ணயிக்கவேண்டும். முதலில் ஐந்து மணிகள் செய்து, ஒரு மழைக்காலம் தம் வீட்டிலேயே தொங்கவிட்டுப் பார்க்க. வண்டும் வெடிப்பும் இன்றி நின்றபின் விற்பனைக்குக் கொண்டுவருக.